திறக்கக் கூடாது என்று எழுதிய பெட்டி

1

இன்றைக்கு இங்கே மலாயாவில் சுதந்திரத்துக்கு ஒரு வயது நிறைகிறது. மலாக்கா நகரத்துக் காஜா பெராங்கில் என் கடைக்கு எதிரே இருக்கும் சீனர் காப்பிக் கடையில், போன வருஷம் கட்டிய அதே கொடியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மறுபடி கட்டியிருக்கிறார்கள். சிவப்புச் சாயம் வெள்ளைப் பட்டையில் கொஞ்சம் இறங்கிவிட்டது. காலையில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாகப் போனார்கள். நான் ஒரு ரேடியோவின் முதுகுப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தலை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்துகொண்டேன்.

நாகப்பட்டினத்திலிருந்து வரும் கடிதங்களில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "அங்கேயும் வெள்ளைக்காரன் போய்விட்டானாமே, எப்படி இருக்கிறது?" என் அண்ணனும் அதையேதான் கேட்டிருக்கிறார். கால் மரத்துப்போனவனிடம் செருப்பு கடிக்கிறதா என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் உண்மை. என் ஒரு வருஷம் முழுக்க ஒரு பெட்டியோடு போய்விட்டது. சிகரெட் பெட்டி அளவுதான் இருக்கும். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். சுதந்திரத்தைப் பற்றி யாராவது படித்தவர்கள் எழுதுவார்கள்.

2

பெட்டி மீனாவுடையது. மீனா என் மகள், பதினோரு வயது. ஏழு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தாள், காது போய்விட்டது. முழுக்கப் போகவில்லை. பக்கத்தில் நின்று கத்தினால் ஏதோ இரைச்சலாகக் கேட்கும் என்றார் டாக்டர். ஏழு வயது வரை பேசிப் பழகிய பிள்ளை என்பதால் தமிழ் இருந்தது. ஆனால் சத்தம் ஏறி இறங்காமல், ஒரே மட்டத்தில், தட்டையாக வரும்.

அவள் அம்மா அதற்கு இரண்டு வருஷம் முன்பே போய்விட்டாள். இரண்டாவது பிரசவம். பிள்ளையும் நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், ஒரு நர்ஸ் வந்து சொன்னாள், நான் சரி என்றேன். அழுதேனா என்று கேட்டால் ஞாபகம் இல்லை. மறுநாள் கடையைத் திறந்து ஒரு ரேடியோ வால்வை மாற்றியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு என் மனைவியின் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று எந்தச் சபதமும் இல்லை. சொல்ல வேண்டிய இடம் வரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் முன்பு சிங்கப்பூரிலிருந்து காது மெஷின் வந்தது. வால்வுக்குப் பதிலாக இப்போது டிரான்சிஸ்டர் என்று பருப்பு அளவில் ஒன்று வருகிறதே, அது வைத்தது. கவுன் பையில் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு மெல்லிய கம்பி. மாட்டிய அன்றைக்கு மீனா என் கடைச் சுவர்க் கடிகாரத்தைத்தான் முதலில் திரும்பிப் பார்த்தாள். அது டிக் டிக் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

பெட்டியின் முதுகில் நாலு திருகாணி. ஒன்றின் தலையில் சிவப்பு அரக்கு முத்திரை. அதன் கீழே இங்கிலீஷில், திறக்கக் கூடாது. திறந்தால் கம்பெனி பொறுப்பாகாது. வாங்கும்போது ஒரு தாளிலும் அதையே எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். நானும் போட்டேன். பிள்ளைக்குக் காது கேட்கும் என்றால் எதில்தான் கையெழுத்துப் போட மாட்டேன்?

3

ஒரு ரேடியோக்காரனுக்கு முத்திரை என்றால் என்னவென்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊர் முனிசிபல் பார்க்கில் ஒரு ரேடியோ வைத்திருந்தார்களே, சின்ன மாடத்துக்குள் கம்பிக்கதவு போட்டு, பூட்டுப் போட்டு? சாயங்காலம் ஆறு மணிக்குச் சாவிக்காரர் வந்து திறந்து, முடுக்கிவிட்டு, மறுபடி பூட்டிக்கொண்டு வெளியே நிற்பார். செய்தி முடிந்ததும் அணைத்துவிட்டுப் போவார். பாட்டு நடுவில் இருந்தாலும் போவார். ஒரு நாள் அவர் வெற்றிலை வாங்கப் போன நேரத்தில் உள்ளே தலையை விட்டேன். ரேடியோவின் முதுகுப் பலகைக்கு உட்புறம் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கோடுகள், வளைவுகள், எண்கள். எந்தக் கம்பி எங்கே போகிறது என்ற முழுப் படம். வெளியே அத்தனை பூட்டு. உள்ளே எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்! நான் இந்தத் தொழிலுக்கு வந்தது அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான். சாவிக்காரர் காதைத் திருகியது தனிக்கதை.

அந்தக் காலத்து ரேடியோ எல்லாவற்றிலும் படம் இருக்கும். இங்கே காஜா பெராங்கில் கடை வைத்தபோது நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்த ரேடியோவைப் பார்த்தாலும், படம் கிழிந்திருந்தால் புதிதாக வரைந்து ஒட்டுவேன். அதன் ஓரத்தில் என்ன பழுது, எதை மாற்றினேன் என்று தமிழில் எழுதிக் கையெழுத்து வைப்பேன். ஜாலான் துக்காங் எமாஸ் பக்கம் கடை வைத்திருக்கும் ஆ செங்கும் அப்படித்தான், அவர் சீனத்தில் எழுதுவார். அவர் எழுத்து எனக்குத் தெரியாது, என் எழுத்து அவருக்குத் தெரியாது. எண்களும் கோடுகளும் போதும். இவ்வளவு வருஷத்தில் நேரில் பேசியது மிகக் குறைவு. ஆனால் மலாக்காவில் பாதி வீட்டு ரேடியோக்களின் முதுகுக்குள் நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஜப்பான்காரன் வந்தபோது சிற்றலைச் சுருளை வெட்டி முத்திரை வைக்கச் சொன்னான். வெளிநாட்டுச் செய்தி யார் காதிலும் விழக் கூடாதாம். ஒரு சிப்பாய் கூடவே வர, வீடு வீடாகப் போய் வெட்டினேன். ஒன்றிரண்டு வீட்டில் வெட்டியது போல் கம்பியைச் சும்மா வளைத்துவிட்டு அரக்கு வைத்தேன். கண்டுபிடித்திருந்தால் தலை போயிருக்கும். சண்டை முடிந்ததும் அதே வீடுகளுக்குப் போய் நானே பிரித்தேன்.

அப்படிப்பட்டவன்தான் பத்து மாதம் ஒரு சின்னத் திருகாணியைத் தொடாமல் இருந்தேன்.

4

போன வருஷம் இதே நாள் மீனாவைப் படாங்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். படாங் என்றால் திடல். நெரிசல். எல்லோரும் கையை உயர்த்தி மெர்டேக்கா என்று கத்தினார்கள். சுதந்திரம் என்று அர்த்தம். முன்னால் நின்ற ஒருவர் கையை வீசியபோது மீனாவின் காதுக் கம்பி மாட்டிக்கொண்டு வெடுக்கென்று இழுபட்டது. பெட்டி பையிலிருந்து வெளியே வந்து தொங்கியது. எடுத்து மாட்டிவிட்டேன். அவள் தலையாட்டினாள், கேட்கவில்லை என்று.

நான் பதறிக்கொண்டிருந்தேன். அவள் பதறவில்லை. சுற்றி நிற்பவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு அவளும் வாயைத் திறந்தாள். "மெர்... டே... கா." ஆயிரம் வாய் ஒரே மாதிரி மூடி ஒரே மாதிரி திறந்ததில் அவளுக்குச் சொல் கிடைத்துவிட்டது. அன்றைக்கு அதை நான் கவனிக்கவில்லை. இப்போதுதான் யோசிக்கிறேன்.

வீட்டுக்கு வந்து புதுக் கம்பி போட்டுப் பார்த்தேன். பேசவில்லை. கம்பி செருகும் இடத்தில், உள்பக்கம், கம்பியை ஒட்டிய ஈயம் விட்டிருக்கும் என்று என் கைக்குத் தெரிந்துவிட்டது. அரக்கைச் சுரண்டினால் ஐந்து நிமிட வேலை. திருப்புளியை எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன்.

மறுநாள் ஜாலான் பெண்டஹாராவைத் தாண்டி இருக்கும் மெஷின் கம்பெனியின் ஏஜெண்டு கடைக்குப் போனேன். மேனேஜர் லிம் மரியாதையானவர். நாற்காலி போட்டு உட்காரவைத்து, மலாயில் சொன்னார். "ஜாங்கான் புக்கா. திறக்க வேண்டாம். நீங்கள் ரேடியோ பார்ப்பவர், அதனால்தான் இரண்டு தடவை சொல்கிறேன். முத்திரை இருந்தால் கம்பெனி பழுது பார்க்கும், முடியாவிட்டால் மாற்றித் தரும். இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை."

"படம் மட்டும் காட்டுங்க, நானே பார்த்துக்கிறேன்" என்றேன்.

"படம் எங்களுக்கே தர மாட்டார்கள்" என்றார். அதில் அவருக்கும் கொஞ்சம் வருத்தம் இருந்த மாதிரிதான் இருந்தது.

சீமையில் இருக்கும் கம்பெனிக்கு அனுப்பத் தபாலாபீசில் ஒரு பாரம் நிரப்ப வேண்டியிருந்தது. கிளார்க் யாழ்ப்பாணத்துக்காரர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இது என்ன சாமான்? ரேடியோவோ? லைசென்ஸ் இருக்கோ?"

"காது மெஷின் ஐயா."

"இதுக்குள்ளால சத்தம் வருமெல்லோ? சத்தம் வந்தால் ரேடியோதான்."

"சத்தம் வரலன்னுதான் ஐயா அனுப்புறேன்."

அவர் பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காது மெஷினுக்கு அதில் இடம் இல்லை. கடைசியில் 'பேசாத ரேடியோ, ஒன்று' என்று எழுதிக்கொண்டார். அனுப்புபவரின் பிரஜை உரிமை என்று ஒரு கட்டம் இருந்தது. அதற்கு என்ன எழுதுவது என்று இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் ஒரு கோடு போட்டுவிட்டார்.

5

தமிழ்ப் பள்ளி வாத்தியார், மெஷின் வந்ததும் பிள்ளையை அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. மெஷின் வரவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்வேலியைத் தாண்டினால் செட்டிகள் குடியிருப்பு. நம் ஊர்ச் செட்டியாரை நினைக்காதீர்கள். இவர்கள் நானூறு ஐந்நூறு வருஷம் முன்பு வந்து இங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்ட தமிழர்கள். நெற்றியில் விபூதி, இடுப்பில் சாரோங், வாயில் மலாய். தமிழ் என்று சாமி கும்பிடும்போது வரும் சில சொற்கள்தான் மிச்சம். அங்கே வள்ளியம்மை என்று ஓர் அம்மாள் இருக்கிறார், எல்லோருக்கும் மாக் வள்ளி. மாக் என்றால் அம்மா. பலகாரம் செய்து விற்பவர். மீனா தேங்காய் துருவிக் கொடுக்கப் போனாள். பிறகு காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள்.

மாக் வள்ளி அவளிடம் பேசும் விதத்தை ஒரு நாள் வேலியோரமாக நின்று பார்த்தேன். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, மீனாவின் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, அப்புறம்தான் வாயைத் திறக்கிறார். ஒவ்வொரு சொல்லாக. அவசரமே இல்லை. மீனா அந்த வாயைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். நான் அவளைக் கூப்பிடவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

பங்குனி வாக்கில் பெட்டி சீமையிலிருந்து வந்தது. அதே பெட்டி. பழுது பார்க்கவில்லை. இந்த வகையைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டோம், புது வகை வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு கடிதம். அரக்கு மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தது. திறந்து பார்த்துவிட்டு, மறுபடி மூடி, முத்திரை வைத்து அனுப்பியிருக்கிறார்கள்! மேனேஜர் லிம்மிடம் போனேன். இன்னொரு தடவை எழுதிப் பார்க்கிறேன், முத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார். சரி என்று வந்தேன். அந்தச் சரியைச் சொல்லி எனக்குப் பழகிவிட்டது.

ஒரு மத்தியானம் கடையில் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் மீனாவின் குரல். "சூடா."

மேஜையில் காப்பி இருந்தது. சூடாக இருக்கிறதா என்று கேட்கிறாள் என்று நினைத்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு தமிழ்! சட்டென்று திரும்பி, "ஆமாம்மா, சூடாத்தான் இருக்கு" என்றேன். அவள் புரியாமல் என்னைப் பார்த்துவிட்டு, கையைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டி, மறுபடி முழுதாகச் சொன்னாள்.

"பாப்பா... சூடா... மாக்கான்?"

அப்பா சாப்பிட்டாச்சா என்று மலாயில் கேட்டிருக்கிறாள். அவர்களுக்குச் சூடா என்றால் ஆச்சு. இருபது வருஷமாகத் தினமும் காதில் விழுகிற சொல். என் மகள் வாயில் வந்ததும் எனக்குத் தமிழாகக் கேட்டுவிட்டது. அப்பாவும் போய்விட்டது, மலாய்க்காரர்களின் 'பாப்பா' ஆகிவிட்டேன். ஊரில் யாரைப் பாப்பா என்போம் என்று உங்களுக்குத் தெரியும்.

சாப்பிட்டேன் என்று தலையாட்டினேன். அவள் வேலி தாண்டிப் போய்விட்டாள். நான் திருப்புளியை எடுத்தேன்.

6

அரக்கு உடைவதற்கு ஒரு நொடிதான் ஆனது. நாலு திருகாணியும் வந்தன. உள்ளே பார்த்தால் கறுப்பு. தார். பாதிப் பெட்டிக்கு உருக்கி ஊற்றி இறுகவைத்திருக்கிறார்கள். எது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியக் கூடாது.

தாருக்கு வெளியே, கம்பி செருகும் இடத்தில், ஒரு மயிரிழைக் கம்பி ஈயம் விட்டுத் தனியாக நின்றது. நான் அன்றைக்கே நினைத்த அதே இடம். தாரைத் தொடவே தேவையில்லை. ஈயம் உருக்கும் சூடுகோலை வைத்தேன், ஒட்டினேன், ஊதினேன். ஐந்து நிமிடம் என்றேனே, அதுகூட ஆகவில்லை. பழைய பாட்டரியைப் போட்டுக் காதில் வைத்துப் பார்த்தேன், கடிகாரம் டிக் டிக் என்றது.

பத்து மாதம். என் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. கோபம் என்று ஒன்று வந்து ரொம்ப நாளாகியிருந்ததால், அது என்னவென்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அதோடு மூடியிருக்கலாம். முடியவில்லை. இன்னொரு தடவை கெட்டால் மறுபடி இதே பிச்சையா? கெண்டி ஆவியில் காட்டி, தாரை இளக்கி, ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். மூன்று நாள். உள்ளே மூன்று டிரான்சிஸ்டர். மேலே அச்சிட்ட பெயரை அரத்தால் தேய்த்து அழித்திருந்தார்கள். தாரைத் தாண்டி ஒருவன் வந்துவிட்டால் அவனுக்கும் ஒரு ஏற்பாடு! அதில் ஒன்றின் கால் என் ஊசி பட்டு ஒடிந்துவிட்டது. பெயர் தெரியாத ஒன்றுக்கு மாற்றை எங்கே தேடுவது?

தடம் பிடித்துப் படம் வரைந்தேன். ஒடிந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, ஆ செங் கடைக்கு எடுத்துப்போனேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். உள்ளே போய், யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன ஒரு சின்ன ஜப்பான் ரேடியோவிலிருந்து ஒரு டிரான்சிஸ்டரைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். பொருத்தினோம். கொஞ்சம் இரைந்தது, ஆனால் பேசியது. கேள்விக்குறியை அடித்துவிட்டு அந்த இடத்தில் அவர் தன் எழுத்தில் என்னவோ எழுதினார். தனக்கு ஒரு நகல் வேண்டும் என்று விரலால் காட்டினார். அங்கேயே வரைந்து கொடுத்தேன்.

7

மெஷினுக்கென்று தனியாக ஒரு பாட்டரி உண்டு, சட்டைப் பொத்தான் மாதிரி. பழையது தீர்ந்துபோய்விட்டது. ஏஜெண்டு கடையில் மட்டும்தான் கிடைக்கும். படத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போனேன். ஒரு பெருமைதான், மறைப்பானேன்.

மேனேஜர் லிம் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். அரக்கு இல்லாத திருகாணியைப் பார்த்தார். "திறந்துவிட்டீர்கள்" என்றார். அவ்வளவுதான். முத்திரை இல்லாத பெட்டிக்குப் பாட்டரி தர வேண்டாம் என்று அவருக்கு உத்தரவு. கடையில் புதிதாகச் சேர்ந்த மலாய்க்காரப் பெண் படத்தை எடுத்து ஆச்சரியமாகப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டாள்.

என் மலாய் கடைத்தெரு மலாய். ஜாலான் தெரு என்றால் பெர்ஜாலான் நடப்பது, சாக்காப் பேச்சு என்றால் பெர்சாக்காப் பேசுவது என்று நானே ஒரு இலக்கணம் வைத்திருக்கிறேன். சாலின் என்றால் நகல். ஆகவே நிமிர்ந்து நின்று சொன்னேன். "சாயா பெர்சாலின்." நான்தான் நகலெடுத்தேன் என்று.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். மேனேஜர் லிம்மே சிரித்துவிட்டார். கடையில் நின்றிருந்த இன்னொருவர் என் வயிற்றைப் பார்த்தார். என்னவென்று தெரியாமல் நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, பாட்டரி இல்லாமல் திரும்பினேன்.

நாலு நாள் கழித்து, ஆஸ்பத்திரிக் கிளார்க் ஒருவருடைய ரேடியோவைக் கொடுக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. தாழ்வாரத்தில் நடந்தபோது கால் தானாக நின்றது. அதே கதவு. அதே பெஞ்சு, பச்சை வர்ணம் அடித்திருந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு பலகைகளை மலாயில் மாற்றி எழுதிக்கொண்டு வருகிறார்கள் அல்லவா? கதவுக்கு மேலே புதுப் பலகை, கறுப்பில் வெள்ளை எழுத்து. வாட் பெர்சாலின்.

பிரசவ வார்டு.

என்ன சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் பிள்ளை பெற்றேன் என்று நாலு பேர் முன்னால் மார்தட்டியிருக்கிறேன். சிரிப்பு வரவில்லை. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று ஓர் ஆயா கேட்டாள். யாரும் இல்லை என்றேன். ரேடியோவைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

8

பாட்டரி இல்லாவிட்டால் என்ன, டார்ச் லைட் பாட்டரிக் கட்டை இருக்கிறது. ஒரு புகையிலை டப்பாவில் கட்டையை வைத்து, கம்பி இழுத்து, பெட்டியோடு சேர்த்துவிட்டேன். கனம்தான். மாக் வள்ளி அதற்கு ஒரு துணிப்பை தைத்துக் கொடுத்தார், தோளில் மாட்டிக்கொள்ள. டப்பா மூடியின் உட்புறம் படத்தை ஒட்டினேன். ஓரத்தில் என் தமிழும் ஆ செங்கின் சீனமும் இருக்கின்றன. இந்தக் குறிப்போடு ஒரு நகல் உங்களுக்கும் அனுப்புகிறேன். ஊரில் யாராவது ரேடியோக்காரரிடம் காட்டுங்கள். யார் வேண்டுமானாலும் பார்த்து எழுதிக்கொள்ளட்டும், என்னைக் கேட்க வேண்டாம்.

மெஷின் பேசுகிறது. மீனா மாட்டிக்கொள்கிறாள், ஆனால் எந்நேரமும் மாட்டுவதில்லை. மாக் வள்ளி வீட்டுக்குப் போகும்போது கழற்றி வைத்துவிட்டுத்தான் போகிறாள். எனக்கு அது உறுத்தியது. நேற்று முன்தினம் வேலியோரம் அவரிடமே கேட்டேன், என் அரைகுறை மலாயில். அங்கே மட்டும் ஏன் அவளுக்கு இது வேண்டாம் என்று.

மாக் வள்ளி சற்று யோசித்துவிட்டுச் சொன்னார். "என் வாய் அவளுக்குத் தெரியும். உங்கள் வாய் அவளுக்குத் தெரியாது. நீங்கள் எப்போதும் பெட்டிக்குள்தானே பேசுகிறீர்கள்?"

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. மாவில் உப்பு குறைவு என்பது போலச் சொன்னார்.

இன்றைக்குச் சாயங்காலம், கொடி இறக்கிய பிறகு, வழக்கம் போல ஒரு ரேடியோவுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். மீனா புகையிலை டப்பாவைத் திறந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் எதுவும் இல்லை. "யாரு... போட்டது?" என்றாள், தமிழில், தட்டையாக.

"நான்தாம்மா" என்றேன், ரேடியோவைப் பார்த்தபடியே.

அவள் எழுந்து வந்தாள். என் கையிலிருந்த சூடுகோலை வாங்கித் தட்டில் வைத்தாள். இரண்டு விரலால் என் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"அப்பா. வாய் தெரியல."

பார்த்தேன். எவ்வளவு வளர்ந்துவிட்டாள்! அம்மாவின் நெற்றி. இந்த ஒரு வருஷத்தில், இல்லை, ஆறு வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு வலித்தது. படத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தவன் வேறு ஒன்றைச் சொன்னேன். அவள் அம்மாவின் பெயரை. மெதுவாக, மாக் வள்ளி சொல்வது போல.

"பாப்பா?" என்றாள் மீனா, என் உதட்டைப் பார்த்து. இத்தனை நாள் அவள் என்னைக் கூப்பிட்ட சொல்லாயிற்றே.

இல்லை என்று தலையாட்டிவிட்டு மறுபடி சொன்னேன். உதடு ஒட்டிப் பிரிந்து, ஒட்டிப் பிரிந்து, மூன்றாவது தடவை ஒட்டிக் கொஞ்ச நேரம் அப்படியே நின்று பிரிகிற பெயர் அது. உதட்டில் அவ்வளவு நன்றாகத் தெரிகிற பெயர் என்று இன்றுதான் எனக்கே தெரியும்.

"பாப்...பம்...மா" என்றாள் என் மகள்.